முத்திரை இல்லாத பம்பு

வலது காதுத் தோட்டை மட்டும் கழற்றித் தாலிக்கொடியின் ஊக்கில் மாட்டிக்கொள்கிறார். பிறகு ஒன்றரை அடி நீளத் திருப்புளியின் மரப்பிடியைக் காதோடு அழுத்தி, அதன் முனையைச் சுழலும் பம்பின் முதுகில் வைக்கிறார். கண்ணை மூடுவதில்லை. எதிர்ச் சுவரில் எங்கோ பார்க்கிறார். பத்து விநாடி, பன்னிரண்டு விநாடி. "மூணாவது இருமுது," என்கிறார். மூன்றாவது குழாயைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் விரல்நுனி அளவு வால்வில் தலைமுடி போல ஒரு கீறல் இருக்கிறது. இப்படி அவர் சொல்லி நான் நேரில் கேட்டது அறுபத்து மூன்று முறை. தவறியது இரண்டு முறை.

கள்ளக்குறிச்சியில் டீசல் பம்பும் நாசிலும் பழுது பார்க்கும் ஜெயசுதாவுக்கு வயது நாற்பத்து மூன்று. தகரக் கொட்டகை, ஒரு சோதனை பெஞ்சு, கறுப்பேறிய மேசை, சுவரில் ஆணியடித்த பழைய நாளிதழ்க் கட்டு. அந்த நாளிதழ்களை அவர் படிப்பதில்லை. நாசிலிலிருந்து சீறி வரும் டீசலுக்கு எதிரே ஒரு தாளைப் பிடிக்கிறார். தாளில் விழும் ஈரவட்டம் ஒரே சீராக, பனி படிந்தாற்போல் இருந்தால் நாசில் நல்லது. ஓரத்தில் ஒரு சொட்டுப் பெரிதாக இருந்தால் மறுபடி கழற்றுகிறார். கையை மட்டும் அந்தச் சீறலுக்கு எதிரே கொண்டுபோக யாரையும் விடமாட்டார். "தோலுக்குள்ளாற பூந்துடும் சார். ஆஸ்பத்திரில டீசலையா எடுப்பான், கைய எடுப்பான்."

தொழிலை இவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. 2009இல் இதே கொட்டகைக்குப் பில் எழுதும் வேலைக்கு வந்தார். எந்த டிராக்டர் என்ன புகாரோடு வந்தது, எத்தனை நாளில் அதே புகாரோடு திரும்பி வந்தது என்று எழுதி எழுதியே பம்பின் உட்புறம் அவருக்குப் பழகிவிட்டது. 2013இல் முதலாளி சேலத்துக்குக் குடிபெயர்ந்தபோது பெஞ்சை இவர் வாங்கிக்கொண்டார்.

வேலை முடிந்த பம்புக்கு அவர் செய்யும் கடைசிக் காரியம் முத்திரை. டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் துளையில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கி, நுனியில் ஒரு ஈய மணியைச் செருகி, இடுக்கியால் நசுக்குகிறார். இடுக்கியின் வாயில் 'ஜெ' என்று வெட்டியிருக்கிறது. ஈயத்தில் அந்த எழுத்து பதிகிறது. யாராவது திருகைத் தொட்டால் கம்பி அறுந்துவிடும். அறுந்த கம்பியோடு வந்து வாதாடுகிறவர்களிடம் அவர் கோபப்படுவதில்லை. "நான் உட்ட எடத்துல அது இல்ல. நீ உட்ட எடத்துல இருக்குது. நீயே பாத்துக்க," என்று பம்பைத் திருப்பித் தள்ளுகிறார்.

முத்திரை இல்லாத பம்பு ஒன்றே ஒன்று உண்டு. அது அவருடைய சொந்தக் காரில் இருந்தது.

அந்தக் கார் 1999ஆம் ஆண்டு மாடல். இரண்டு லிட்டர் டர்போ டீசல். தயாரித்த கம்பெனியின் பெயரை நான் எழுதக்கூடாது. "போடாதீங்க சார். அவன் பெத்த புள்ளைய நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா அழுவான்." நைனார்பாளையத்தில் ஒரு வேலியோரம் நான்கு சக்கரமும் மண்ணில் புதைந்து, பின் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் 2014இல் அதை வாங்கினார். குஞ்சு பொரிக்கும் வரை எடுக்கக்கூடாது என்று விற்றவர் நிபந்தனை போட்டார். இவர் பதினாறு நாள் காத்திருந்தார்.

டர்போ என்பதை அறியாதவர்களுக்காக ஒரு வரி. இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் உள்ளங்கை அகல விசிறி ஒன்று சுழல்கிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் டீசலைக் கூட்டலாம். டீசல் கூடினால் பலம் கூடும். நான் முப்பத்து நான்கு ஆண்டு சர்க்கரை ஆலை எடைமேடையில் இருந்தவன். ஆலையின் நீராவி டர்பைன் நிமிடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் சுற்று சுற்றும். அதற்குத் தனிக் கட்டடமே உண்டு. இந்தக் காரின் முகப்புக்குள் இருக்கும் விசிறி நிமிடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் சுற்று. அதைக் கேட்ட நாள் முதல் அந்தக் காரின் பக்கத்தில் நிற்கும்போது என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது.

கம்பெனியிலிருந்து வெளிவந்தபோது அந்தக் காரின் பலம் தொண்ணூறு குதிரைத்திறன். ஜெயசுதா அதைக் கூட்டிய விதத்தைச் சுற்றுவட்டாரத்தின் வரைபடத்தை வைத்துச் சொல்லலாம். டர்போ, ஆத்தூர் பக்கம் கவிழ்ந்த ஒரு சிறு லாரியுடையது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. காற்றுக் குழாய்கள், பால் குளிரூட்டும் நிலையத்தில் கழித்துப்போட்ட எவர்சில்வர் வளைவுகள். உட்புறம் கண்ணாடி போல் வழவழப்பு. வெளியேறும் புகையின் சூட்டை அளக்கும் மீட்டர், மூடிப்போன ஒரு ஜவ்வரிசி ஆலையின் வறுவல் அடுப்பில் இருந்தது. அமுக்கிய காற்று சூடாகிவிடும் என்பதால் அதைக் குளிர்விக்கும் பெட்டியின் மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்தத் தெளிப்பான், பருத்திக்கு மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானின் மோட்டாரும் மூக்கும்தான். பதினொரு ஆண்டில் ஆன செலவு எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய். நகரத்தில் இதே வேலைக்குப் புதிய டர்போ மட்டும் அதைவிடக் கூடுதல்.

இவருடைய கணவர் சிவசங்கர், நைனார்பாளையத்தில் கரும்பும் மரவள்ளியும் வைத்திருப்பவர், மாலையில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பார். "எங்க வூட்டம்மாவுக்குக் காது ரெண்டு சார். ஒண்ணு இன்ஜினுக்கு, ஒண்ணு எனக்கு. எனக்கு வெச்சிருக்கிறதுதான் கொஞ்சம் மந்தம்," என்பார். "நீ புகை வுட்டுக்கினு பேசினா யாருக்குய்யா கேக்கும்?" என்பார் ஜெயசுதா, தலை நிமிராமல்.

இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு ஊருக்குள் அவர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை. ஷேர் ஆட்டோக்கள் ஒலியெழுப்பிக்கொண்டு முந்துகின்றன. ஒருமுறை கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் பொறுமையாக வந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் பழுது பார்த்த பம்புகளை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிறார். அங்கு டிராக்டரும் ஜீப்பும் ஆயில் இன்ஜினும் வைத்திருப்பவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். மலையேறி முடித்ததும் இன்ஜினை உடனே நிறுத்தமாட்டார். டர்போ சூடு தணியும் வரை ஓடவிட்டு, பக்கத்தில் நின்று ஒரு கடலை மிட்டாய் தின்கிறார். மிட்டாய் தீர்ந்த பிறகுதான் சாவியைத் திருப்புகிறார். மூன்று முறை நேரம் பார்த்தேன். மூன்று முறையும் இரண்டரை நிமிடம்.

குதிரைத்திறனை அளக்க உருளையுள்ள இயந்திரம் வேண்டும். அதன் மேல் காரை நிறுத்தி ஓட்டினால் சீட்டு அச்சாகி வரும். அந்த வசதி இந்தப் பக்கம் இல்லை. ஜெயசுதாவிடம் இருந்தது மூன்று பொருள்கள்: எடைமேடை, சாலைக் கல், கடிகாரம். ஒரு எடையை ஒரு தூரத்துக்கு நின்ற நிலையிலிருந்து எத்தனை விநாடியில் இழுத்துப் போகிறது என்று தெரிந்தால், இழுத்த பலத்தைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். என்னை அவர் தேடி வந்தது எடைக்காகத்தான். கோமுகி அணையைத் தாண்டி, முதல் வளைவுக்கு முன்னால், மெல்ல ஏறும் நேர்ச்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே இருநூறு மீட்டருக்கு ஒரு கல். 2019 ஜூன் 9ஆம் தேதி மூன்று கற்களுக்கும் இடையே முப்பது மீட்டர் இரும்பு நாடாவைப் போட்டு நானே அளந்தேன். நானூறு மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர்தான் குறைவு. அன்று முதல் அந்தக் கற்களே எங்கள் இயந்திரம்.

அளந்து வந்த எண்ணை அவர் பேனட்டின் உட்புறத்தில் மஞ்சள் பெயிண்டால் எழுதுகிறார். மூன்று ஓட்டத்தின் சராசரி இல்லாமல் எழுதமாட்டார். 90, 97, 108, 121, 126, 139. கடைசி எண் 2021இல் எழுதியது. அதன்பின் லாரி டர்போவைப் பொருத்தவே நான்கு ஆண்டு ஆகிவிட்டது. "எல்லா வண்டிக்கும் முத்திரை போடுறீங்க, இதுக்கு ஏன் இல்லை?" என்று ஒருமுறை கேட்டேன். "தேடிக்கினு இருக்கிறவளுக்கு முத்திரை எதுக்கு சார்? கெடைச்சப்புறம் போட்டுக்கலாம்," என்றார்.

சென்ற ஆண்டு வெள்ளிமலை ஜீப் நிறுத்தத்தில் ஒரு பேச்சு எழுந்தது. அங்கே பன்னிரண்டு ஜீப்புகள் ஓடுகின்றன. ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்கி முனகும் வண்டிகள். நகரத்துப் பட்டறைக்காரர் ஒருவர் வந்து, டர்போ போட்டுத் தருகிறேன் என்று விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜெயசுதா அதில் பாதிக்கும் குறைவாகச் சொன்னார். ஓட்டுநர்களின் சார்பில் பேசியது பாவாடை என்பவர். முப்பதாண்டு மலைச்சாலையில் ஓட்டியவர், பேச்சில் யாரையும் விடாதவர்.

"யக்கா, அவன் மிசின்ல ஏத்தி சீட்டு குடுக்கிறான். உன்னாண்ட இன்னா கீது?"

"சார் நோட்டு கீது."

"நோட்டுல நான்கூட எழுதுவேன், என் ஜீப்பு ஏரோப்ளேனுன்னு."

"நீ எழுதுவ. அவரு எழுதமாட்டாரு."

பாவாடை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிபந்தனை சொன்னார். இந்தச் சின்ன இன்ஜின் நூற்றைம்பது கொடுத்தால், பெரிய இன்ஜின் வைத்திருக்கும் ஜீப்புகளுக்கு அதில் பாதி பயமில்லாமல் கிடைக்கும். நூற்றைம்பது வந்தால் பன்னிரண்டு வண்டியும் இவரிடம். வராவிட்டால் பேச்சில்லை. பன்னிரண்டு ஜீப் என்றால் பத்து மாத வேலை. வாடகைக் கொட்டகையைக் காலி செய்துவிட்டுச் சொந்த இடத்தில் பெஞ்சை இறக்கலாம். சின்னசேலம் சாலையில் ஜெயசுதா இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு, காலை ஆறு பத்து. மேல் முனையில் பாவாடை ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி வழி மறித்தார். கீழ் முனையில் இருசப்பன் என்ற இன்னொரு ஓட்டுநர். ஜெயசுதாவையும் என்னையும் இரண்டு மூட்டை சாமையையும் சேர்த்து எடைமேடை காட்டியது 1,640 கிலோ. முன் இருக்கையில், மடியில் நோட்டும் கையில் நிறுத்துக் கடிகாரமுமாக நான்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகினார். காதுத் தோட்டைக் கழற்றினார். சூட்டு மீட்டரை ஒருமுறை தட்டினார். கிளட்சை விட்டார்.

முதல் இரண்டு விநாடி ஒன்றுமில்லை. பழைய கார் போகிற மாதிரிதான் போனது. பிறகு முகப்புக்குள்ளிருந்து ஒரு சீழ்க்கை எழுந்தது. தொலைவில் ஒருவன் ஊதத் தொடங்கி மூச்சே விடாமல் ஊதுவது போல. அது ஏறஏற இருக்கை என் முதுகைத் தள்ளியது. தள்ளியது என்பது சரியான சொல்லா என்று பிறகு யோசித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை. பின்னால் சாமை மூட்டை சரிந்த சத்தம் கேட்டது. வேப்பமரங்கள் ஒவ்வொன்றாக இல்லை, சேர்ந்து ஒரே சுவராகப் போயின. எடைமேடையில் என் ஆயுளில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பார்த்திருக்கிறேன். எல்லாம் நின்றுகொண்டிருந்த எடை. ஓடும் எடையின் உள்ளே உட்கார்ந்தது அன்றுதான். கோழி அடைகாத்த காரில். மருந்துத் தெளிப்பான் மூக்கிலிருந்து தண்ணீர் சீறுவது கேட்டது. அந்தப் பெண் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பிடியில் ஒரு அவசரமும் இல்லை. தலையை வலப்பக்கம் சற்றே சாய்த்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார்.

கல் கடந்தது. கட்டைவிரல் அழுத்தியது. 18.9 விநாடி. அடுத்த இரண்டு ஓட்டம் 19.0, 18.8. சூடு 715 டிகிரி. அவருடைய எல்லை 720. "அதுக்கு மேல போனா பிஸ்டன் மெழுகுவத்தி சார்," என்பது அவர் பேச்சு.

அங்கேயே நோட்டில் கணக்குப் போட்டேன். நூற்று ஐம்பத்தெட்டு. பாவாடை நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, இது காரா, காட்டேரியா?" என்றார். அணைக்கட்டுக் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தது அவர்தான். ஜெயசுதா பேனட்டைத் திறந்து 158 என்று எழுதினார். பெயிண்ட் காயும் வரை மூடவில்லை.

புதன்கிழமை பகலில் அந்த ஓட்டத்தைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். 2019ஆம் ஆண்டு அளவைப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது: மூன்றாவது கல், சாலைக்கு அடியில் ஓடைநீர் போகும் மதகின் கைப்பிடிச் சுவரிலிருந்து இருபத்திரண்டு மீட்டர் மேலே. ஞாயிறு காலை ஓட்டம் முடிந்து இறங்கியபோது, அந்தக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நேரத்தை எழுதியது எனக்கு நினைவிருந்தது. கல் எனக்கு எட்டடி தூரத்தில் இருந்ததும் நினைவிருந்தது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

மறுநாள் காலை பேருந்தில் போய் நாடாவைப் போட்டேன். ஆடு ஓட்டி வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். "இன்னா தாத்தா, ரோட்ட விக்கப் போறியா?" என்றாள். மூன்றாண்டுக்கு முன் மழையில் மதகு அடித்துக்கொண்டு போனதையும், புதியதை அகலமாகக் கட்டியதையும் அவள்தான் சொன்னாள். கல் அப்போது பிடுங்கப்பட்டு, வேலை முடிந்தபின் கிடைத்த இடத்தில் நடப்பட்டிருக்கிறது. புதிய சுவரும் மேலே தள்ளி வந்திருக்கிறது. தூரம் 386 மீட்டர். பதினான்கு மீட்டர் குறைவு. என் கையெழுத்தில் இருந்த ஓர் அளவை மறுபடி அளக்கத் தேவையில்லை என்று நான் இருந்ததன் விளைவு.

வெள்ளிக்கிழமை கடையில் சொன்னேன். அவர் பெஞ்சில் ஒரு நாசிலைச் சோதித்துக்கொண்டிருந்தார். தாளைப் பிடித்தார், வட்டத்தைப் பார்த்தார், நாசிலைக் கழற்றித் துணியில் துடைத்து வைத்தார். பிறகுதான் கேட்டார்.

"எத்தினி மீட்டரு?"

"பதினான்கு."

நாளிதழின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதினார். தூரம் நூற்றுக்கு மூன்றரை குறைந்தால் பலம் நூற்றுக்கு ஏழு குறையும். நான் வீட்டில் ஒரு மணி நேரம் சரிபார்த்ததை அவர் அரை நிமிடத்தில் முடித்தார். "நூத்தி நாப்பத்தேழு," என்றார். பிறகு, "மலைல யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்லை. தப்பு என்னுடையது. 2019 அளவை நம்பிவிட்டேன்."

"நானும்தான் நம்பினேன். உங்களத்தான் நம்பினேன்னு இல்ல சார். கல்ல நம்பினேன்."

ஸ்டூலில் இருந்த சிவசங்கர் எழுந்து வந்தார். "மூணு எச்பிதானே கம்மி? அந்தத் திருக கால் சுத்து கூட்டினா வந்துடப்போவுது. திரும்ப ஓட்டிக் காட்டிடு. பொய்யும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் சொன்னது கணக்குப்படி சரி. ஜெயசுதாவுக்கும் தெரியும். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரிடம் போனார். பேனட்டைத் திறந்தார். முத்திரையில்லாத அந்தத் திருகின் மேல் ஸ்பேனரை வைத்தார். நான் நோட்டை மூடினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று நான் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும். ஸ்பேனர் திரும்பவில்லை. அதை மேசைக்குக் கொண்டுவந்து அதன் ஆணியில் மாட்டினார். "வியாழக்கிழமை நோட்ட எடுத்துக்கினு வாங்க," என்றார்.

பிப்ரவரி 20. வெள்ளிமலை ஜீப் நிறுத்தம், காலை ஒன்பதே முக்கால். பன்னிரண்டு ஓட்டுநர்களும் இருந்தார்கள். ஜெயசுதா இன்ஜினை ஓடவிட்டு மிட்டாய் தின்று முடித்தார். பிறகு பேனட்டைத் தூக்கி, எல்லோரும் பார்க்க 158இன் மேல் ஒரு கோடு இழுத்து, அதன் கீழே 147 என்று எழுதினார். கல் இடம் மாறியதைச் சொன்னார். நான் நாடா போட்ட பக்கத்தைக் காட்டினேன்.



"நூத்தம்பதுன்னுதானே பேச்சு," என்றார் பாவாடை. "யாரும் கேக்கல, நீயா வந்து கொறைக்கிற. ஏவாரம் பண்றவளா நீ?"

"அளந்தது அதான்."

"கைல அமுக்குற கடியாரம். ஒரு தும்மல் போட்டா மூணு எச்பி கூடிடும்."

"தும்மினா நூத்தி நாப்பத்தி நாலாவும் இருக்கும் பாவாட. தும்மல் என்ன, எனக்கு வேண்டப்பட்டதா?"

இருசப்பன் சிரித்துவிட்டார். பின்னால் நின்ற ஒருவர், "கால் சுத்து கூட்டேன்க்கா. யாரு பாக்கப் போறா?" என்றார்.

"கூட்டலாம். அந்த ரோட்டுல இருவது செகண்டு ஓட்டம். இருவது செகண்டுச் சூட்டுல பிஸ்டன் உருகாது, நூத்தம்பதுக்கு மேலயே காட்டும். இருவது செகண்டு ஏமாத்தலாம்." மலைச்சாலையைக் கையால் காட்டினார். "நீங்க முக்கா மணி நேரம் ஏறுறீங்க. பதினாலு பேர உக்கார வெச்சிக்கினு. முக்கா மணி நேரம் எந்த இன்ஜினையும் ஏமாத்த முடியாது. பாதி வளைவுல பிஸ்டன் உருகிப்போச்சின்னா, ஜீப்பு பின்னால வரும். அப்ப மூணு எச்பி வந்து புடிக்குமா?"

பேச்சு பேச்சுதான் என்று இருவர் தங்கள் வண்டிக்குப் போனார்கள். சீட்டு கொடுப்பவரிடமே போகலாம் என்று மூவர். காரணம் சொல்லாமல் இருவர். ஏழு பேர். நான் எண்ணினேன். ஜெயசுதாவும் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஐந்து பேர் நின்றார்கள். அதில் பாவாடையும் ஒருவர். காருக்குள் குனிந்து சூட்டு மீட்டரைப் பார்த்தார். "எங்க வண்டிலயும் இந்தச் சூட்டுக் கடியாரம் இருக்குமா?"

"இருக்கும்."

"எழுநூத்தி இருவதுக்கு மேல போவாதே?"

"நான் வெச்ச எடத்துலயே இருந்தா போவாது."

"நாங்க கைய வெச்சா?"

"கம்பி அறுந்துடும். எனக்குத் தெரிஞ்சிடும்."

பாவாடை தலையைச் சொறிந்தார். "உன் வண்டிலயே கம்பியக் காணோமே யக்கா," என்றார்.

ஜெயசுதா அவரைப் பார்த்தார். பிறகு பம்புகள் வைத்திருந்த சாக்குப் பையில் கைவிட்டுத் துழாவினார். கம்பிச் சுருளும் ஒரு ஈய மணியும் இடுக்கியும் வந்தன. திருகின் துளையை முந்தானை நுனியால் துடைத்தார். பதினொரு ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு முறை துடைக்க வேண்டியிருந்தது. கம்பியைக் கோத்து முறுக்கினார். மணியைச் செருகினார். வழக்கமாக ஒரு கையால் அழுத்தும் இடுக்கியை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். எடுத்தபின், சூடாயிருந்த இன்ஜினுக்குள் கையை விட்டு, ஈயத்தில் எழுத்து விழுந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.